கழுதையா? கழுவா? – பழமொழிகளின் "உண்மையான" அர்த்தம்

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று யாரையாவது கிண்டல் செய்து பாருங்கள். உடனே ஒருவர் குறுக்கே வருவார். "அது கழுதை இல்லைங்க, கழு! கழு என்பது ஒரு வகைக் கோரைப்புல். அதில் பாய் தைத்தால் கற்பூர வாசனை வரும். 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பதைத்தான் நாம் மாற்றிவிட்டோம்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா?

சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பக்கத்து மொழிகளைப் பாருங்கள். கன்னடத்தில் "கழுதைக்கு என்ன தெரியும் கஸ்தூரி வாசனை" என்கிறார்கள். தெலுங்கில் கஸ்தூரிக்குப் பதிலாகச் சந்தனம். அந்த மொழிகளில் கழுதைக்குப் பெயர் கத்தெ, காடித. அதைப் பிரித்துப் பார்த்தால் புல்லும் கிடைக்காது, பாயும் கிடைக்காது! வாசனைப் பொருள் மொழிக்கு மொழி மாறுகிறது. கழுதை மட்டும் மாறவே இல்லை.

இன்னும் பின்னால் போவோம். சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய வடமொழி மருத்துவ நூலில் ஓர் உவமை வருகிறது. பொருள் புரியாமல் பல நூல்களைப் படிப்பவன், சந்தனம் சுமக்கும் கழுதைக்குச் சமம். அதற்குப் பாரம் தெரியும், சந்தனம் தெரியாது. ஆக, இந்தக் கழுதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம் நாட்டில் வாசனை மூட்டை சுமந்துகொண்டிருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்யும் நமக்கும் இது நன்றாகவே பொருந்தும் :)

அடுத்தது, "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்". இது 'பேரை' அல்ல, 'வேரை' என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. மூலிகை வேர்களை ஆராய்ந்தவன் என்று அர்த்தமாம். ஆனால் வடமொழியிலும் இதே கேலி உண்டு. நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் சிகிச்சை நிபுணன் என்கிறது அது. அங்கே வேர் எங்கிருந்து வந்தது? வைத்தியரிடம் பயந்து பயந்து போன சாதாரண ஜனங்களின் குறும்பு இது, அவ்வளவுதான்.

அப்படியானால் பழமொழிகள் மாறுவதே இல்லையா? மாறும். எப்படி மாறும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறு. முன்றுறை அரையனார் என்ற சமணப் புலவர் இயற்றியது. சுமார் 1,500 ஆண்டுகள் பழமையானது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழி. அவர் காலத்திலேயே அவை "பழைய" மொழிகள் என்பதைக் கவனியுங்கள்!

நாம் "தனி மரம் தோப்பாகாது" என்கிறோம். அந்த நூலில் தோப்புக்குப் பதில் காடு. நாம் "தவளை தன் வாயால் கெடும்" என்கிறோம். அங்கே தவளைக்கு நுணல் என்று பெயர், மணலுக்குள் ஒளிந்து கிடந்தும் கத்தி மாட்டிக்கொள்கிறது. "நிறைகுடம் தளும்பாது", "பாம்பின் கால் பாம்பறியும்" இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. வழக்கொழிந்த சொல் போய்ப் புதுச் சொல் வந்திருக்கிறது. கருத்து மாறவில்லை. கழுவும் வேரும் இதற்கு நேர் எதிர். ஓசையை வைத்துக்கொண்டு கருத்தையே தலைகீழாக்குகின்றன.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பழமொழி நம் பாட்டன் பாட்டிகளின் சிரிப்பு, கோபம், நக்கல் எல்லாம் சேர்ந்தது. அதிகாரம் உள்ளவர்களைக் கேலி செய்ய அவர்களிடம் இருந்த ஆயுதம் அது. எல்லாவற்றையும் நல்லொழுக்கப் போதனையாக மாற்றிவிட்டால், அந்த மக்களின் குரலை நாமே அழித்தது போலாகும். பெருமை சேர்க்கிறோம் என்ற நினைப்பில், "உங்களுக்குப் பேசத் தெரியவில்லை" என்று முன்னோர்களிடமே சொல்கிறோம்.

எனவே அடுத்த முறை "இதன் உண்மையான அர்த்தம் தெரியுமா?" என்று ஒரு செய்தி வந்தால், இரண்டு கேள்வி கேளுங்கள். பக்கத்து மொழியில் இது எப்படி இருக்கிறது? பழைய தொகுப்புகளில் எப்படி இருக்கிறது? பெர்சிவல் பாதிரியார் 1874-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்தச் செய்தியை நாலு பேருக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யுங்கள்.