தேடுபொறியில் முதலிடம்: படுவான்கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும், வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு செல்லும் நிலத்தை எழுவான்கரை என்றும் அழைப்பது எமது மரபு. போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள வெல்லாவெளி படுவான்கரையைச் சேர்ந்தது. நெல்லும் எருமைத் தயிரும் இக்கரையின் செல்வம். நெடுஞ்சாலையும் பெருஞ்சந்தைகளும் அக்கரையில். ஆகவே விளைந்த பொருள் விலைபோக வேண்டுமாயின் வாவியைக் கடந்தாக வேண்டும். மண்டூர் - குருமண்வெளித் துறை, பட்டிருப்புப் பாலம், 2014 ஏப்ரலில் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் என இப்பகுதியின் வணிக வரலாறு கடக்கும் வழிகளின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது.

இன்று வெல்லாவெளியிலிருந்து ஒருவர் இணையத்தில் கடை திறக்கலாம். அதற்குத் துறையும் வேண்டாம், பாலமும் வேண்டாம். ஆனால் அவர் வேறொன்றைக் கடந்தாக வேண்டும். ரொறன்ரோவிலோ கொழும்பிலோ ஒருவர் தேடும்போது அக்கடை முதற் பக்கத்தில் தோன்ற வேண்டும். இதைச் செய்து தருவதாகக் கூறிப் பணம் வாங்குவோர் பலர். எனவே இந்த முதலிடப் போட்டியின் முப்பதாண்டு வரலாற்றை அறிந்து வைத்திருப்பது சிறு வணிகருக்கு நன்மை பயக்கும்.

பட்டியலும் சொல்லெண்ணிக்கையும்

தொலைபேசி விபரக்கொத்துக்களில் முதலில் வர வேண்டுமென்பதற்காகவே ஆங்கில 'ஏ' எழுத்தை இரண்டு மூன்று தடவை அடுக்கித் தம் நிறுவனங்களுக்குப் பெயர் சூட்டிய வணிகர்கள் மேலைநாடுகளில் இருந்தனர். 1994இல் ஜெரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இரு மாணவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய யாகூவும் மனிதர் தொகுத்த பட்டியலே. அங்கும் அகரவரிசை செல்வாக்குப் பெற்றிருந்தது.

1995 டிசம்பரில் வந்த அல்டாவிஸ்டா போன்ற பொறிகள் பக்கங்களைத் தாமே படித்துச் சொற்களைப் பதிந்தன. ஒரு சொல் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதற்கு மதிப்பிருந்தது. விளைவை ஊகிப்பது கடினமன்று. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தனர்.

1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் நிறுவிய கூகிள் வேறொரு வழியைக் கண்டது. ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிற ஆய்வாளர் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பது கல்வியுலக வழக்கம். அதுபோல, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் இடும் இணைப்புகளைச் சான்றாகக் கொண்டனர். மதிப்புள்ள பக்கத்தின் சான்றுக்கு மதிப்பும் அதிகம். அதன்பின் இணைப்புகளே விலைப்பொருளாயின.

தந்திரங்களின் ஆயுள்

2003 நவம்பரில், நத்தார் விற்பனைக் காலம் நெருங்கிய வேளையில், கூகிள் தன் கணிப்பு முறையை மாற்றியது. நேற்றுவரை முன்னணியில் நின்ற பல இணையக் கடைகள் காணாமற் போயின. 2006 பெப்ரவரியில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜேர்மன் தளமே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பொறிக்கு ஒரு பக்கத்தையும் வாசகருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியமையே குற்றம். 2011 பெப்ரவரியில், அமெரிக்காவின் ஜே.சி. பென்னி நிறுவனத்துக்குத் தொடர்பேயற்ற ஏராளமான தளங்களிலிருந்து இணைப்புகள் இடப்பட்டிருந்ததை நியூயோர்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. உடை, படுக்கை விரிப்பு போன்ற சொற்களுக்கு முதலிடத்தில் இருந்த அந்நிறுவனம் சில நாட்களிலேயே பின்தள்ளப்பட்டது. அதே மாதம் தரமற்ற பக்கங்களுக்கு எதிராகவும், 2012 ஏப்ரலில் செயற்கை இணைப்புகளுக்கு எதிராகவும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

பெருநிறுவனங்கள் இத்தகைய அடியைத் தாங்கிக்கொள்ளும். தயிரும் அரிசியும் விற்கும் கடை தாங்காது.

எமக்கு நேர்ந்தது வேறு

ஆங்கிலக் கடைகள் முதலிடத்துக்குப் போரிட்ட அதே காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் வரிசையிலேயே நிற்கவில்லை. காரணம் எழுத்துரு. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதினால், கணினியில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு உள்ள கணினியில் அது அம்மாவாகத் தெரியும். தேடுபொறிக்கோ பொருளற்ற குறிக்கோவை. இன்னொரு எழுத்துருவில் இதே சொல் வேறு குறிகளாகும். ஒரே மொழியில் எழுதிய இருவர் ஒருவரையொருவர் தேடிக் கண்டடைய இயலாதிருந்த காலம் அது.

1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு டாம், டாப் எனும் தரங்களை முன்வைத்தது. திஸ்கி தரமும் வழக்கிலிருந்தது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை பரவிய பின்னரே அது பொதுப் புழக்கத்துக்கு வந்தது. 2003 முதல் ஒருங்குறியில் எழுதத் தொடங்கிய வலைப்பதிவர்களும், 2004இல் தோன்றிய தமிழ்மணம் திரட்டியும், பழைய எழுத்துருக்களை மாற்றித் தந்த சுரதாவின் பொங்குதமிழ் செயலியும் தமிழைத் தேடுபொறி படிக்கும் நிலைக்குக் கொணர்ந்தன. ஊதியமின்றிச் செய்யப்பட்ட அந்த உழைப்பின் மீதே இன்றைய தமிழ் இணைய வணிகம் நிற்கிறது.

படுவான்கரைக்கு மேலும் ஓர் இழப்பு நேர்ந்தது. இணைய வணிகம் உலகெங்கும் வேரூன்றிய ஆண்டுகளில் இப்பகுதி போருக்குள் இருந்தது. 2007இல் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். எனவே இவ்வூர்களின் பெயர்கள் இணையத்தில் முதன்முதல் பரவலாகப் பதிந்தது எறிகணை, இடப்பெயர்வு, அகதி முகாம் ஆகிய சொற்களோடுதான். பொறி தான் படித்ததையே சொல்லும். வெல்லாவெளியின் வயலையும் பட்டியையும் பற்றி எவரும் எழுதாவிட்டால் அதனால் அவற்றைச் சொல்ல முடியாது.

பெயர்களில் உள்ள பொருள்

வாங்குபவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்பதை அறிவதே இக்கலையின் முதற்பாடம். சென்னைவாசி முந்திரிப்பருப்பு என்று தேடுவதை நாம் கஜு என்றும் மரமுந்திரிகை என்றும் சொல்வோம். வெறுமனே முந்திரிகை என்றால் எமக்குத் திராட்சை. தமிழில் மட்டக்களப்பு, சிங்களத்தில் மடகலபுவ, ஆங்கிலத்தில் பட்டிக்கலோ. வெல்லாவெளியை ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலர் இறுதியில் 'ஐ' இடுவர், சிலர் 'வை' இடுவர். தமிழிலேயே வெள்ளாவெளி எனப் பிழையாக எழுதுவோரும் உளர். இப்பெயர்களை ஒரே வரியில் திரும்பத் திரும்ப அடுக்குவது பழைய தந்திரம். பொருளை விளக்கும் இயல்பான வாக்கியங்களில் உரிய இடத்தில் கையாள்வது பயனுள்ள முறை.

ஏனைய வேலைகளும் எளியவையே. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கமும் தெளிவான தலைப்பும் வேண்டும். பெயரையும் விலையையும் படத்துக்குள் மட்டும் எழுதி வைத்தல் கூடாது. படத்துக்கு எழுத்தில் விளக்கமும் வேண்டும். கைத்தொலைபேசியில் பக்கம் விரைந்து திறக்க வேண்டும். 2018 ஜூலை முதல் கைத்தொலைபேசித் தேடலில் கூகிள் இதனையும் கணக்கிற் கொள்கிறது. நெடுந்தூரம் அனுப்ப இயலாத சட்டித் தயிருக்கு உலக முதலிடம் எதற்கு? கூகிள் வரைபடத்தில் கடையின் இடமும் நேரமும் சரியாகப் பதிவாகியிருந்தால், அவ்வழியே பயணம் செய்பவர் கண்டுகொள்வார். அரிசிக்கும் கஜுவுக்கும் எல்லை பெரிது. அங்கே எந்த வயலில், எந்தப் போகத்தில் விளைந்தது, எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பதை எழுத வேண்டும். இவ்விபரத்தைப் பெரும் விற்பனைத் தளங்களால் எழுத முடியாது. விளைவித்தவருக்கே அது தெரியும்.

முதலிடத்தை உறுதியாகப் பெற்றுத் தருவதாக எவர் கூறினாலும் நம்ப வேண்டாம். அவ்வாறு எவராலும் உத்தரவாதம் தர இயலாது என்று கூகிளே தன் வழிகாட்டலில் எழுதியுள்ளது.

தேடலின் தலையில் இணைப்புகளுக்குப் பதிலாக இயந்திரம் எழுதிய விடையே தோன்றும் முறை 2024இல் வந்துவிட்டது. அந்த விடையும் யாரோ எழுதி வைத்தவற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. படுவான்கரை அரிசியைப் பற்றிப் படுவான்கரையார் எழுதாதவிடத்து, அதை வேறு பெயரில் விற்பவர் எழுதியதே விடையாகும். துறையைக் கடந்ததும் பெயரை இழந்த விளைபொருள்கள் எம்மிடம் ஏற்கெனவே பல உண்டு. இம்முறை பெயரை எழுதும் வசதி எமது கையிலேயே இருக்கிறது. இளைஞர்கள் அதை இன்றே பயன்படுத்தத் தொடங்க வேண்டும்.