ஹட்டன் பிரதேசத்தில் நலன்புரிக் கூட்டுமுயற்சியும் தொழிலாளர் பங்கும்

ஒரு சமுதாயத்தின் நலவாழ்வை எந்தவொரு தனி நிறுவனமும் தானாகவே பேணிவிட முடியாது. மருத்துவமனை நோயைத் தீர்க்கலாம். ஆயின் அந்நோய்க்குக் காரணமான குடிநீரும் வடிகாலும் வேறொருவர் பொறுப்பில் இருக்குமாயின், நோயாளி மீண்டும் அதே மருத்துவமனைக்கே வந்து சேர்வான். எனவே பல நிறுவனங்கள் கூடிச் செயற்படுதல் வேண்டும் என்பது யாவரும் ஒப்பும் கொள்கையாகும். மலையக வரலாறு இக்கொள்கையோடு வேறொன்றையும் சேர்த்து உணர்த்துகின்றது. இங்கு கூட்டுமுயற்சிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அக்கூட்டில் தோட்டத் தொழிலாளிக்கு இடம் இருந்ததா என்பதே வினா. ஹட்டன் பிரதேசத்தின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனை அடைந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய அக்காலத்தில் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பள்ளத்தாக்குகளுக்கு ஹட்டன் வாயிலாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் நோயும் மரணமும் குடியேற்ற அரசின் கவனத்தை ஈர்த்தமை மனிதாபிமானத்தால் மட்டுமன்று. தோட்டத் தொழிலுக்கு ஆள்வலு இன்றியமையாததாய் இருந்தமையும் அதற்குக் காரணமாகும். 1872 இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அரசையும் தோட்ட உரிமையாளரையும் ஒரு பொறுப்பில் இணைத்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்று, 1912 இல் அது புதிய வடிவம் பெற்றது. அரசு வைத்தியர்களை நியமித்தது. ஏற்றுமதி விளைபொருள்மீது விதித்த தீர்வை செலவுக்கு உதவிற்று. தோட்டம் தனது மருந்துச்சாலையை நடத்தியது. ஏட்டளவில் இது சீரிய ஏற்பாடே. ஆனால் நோயுற்றவரை எப்பொழுது மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதைத் தோட்டத்துரையே தீர்மானித்தார். முறையிடும் உரிமை நோயாளிக்கு நடைமுறையில் இருக்கவில்லை.

இக்குறைபாட்டை 1916 இல் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மேலும் தெளிவாக்கிற்று. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம், இலங்கை அரசு, தோட்ட முகாமை ஆகிய மூன்றும் இதில் கைகோத்தன. தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. எனினும் இப்புழு வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்து உடலினுள் நுழைவது. மலம் கலந்த மண்ணே அதன் உறைவிடம். மலகூடங்கள் கட்டப்படாதவிடத்து மருந்தால் நீங்கிய நோய் மறுபடியும் பற்றிக்கொள்ளும். மருந்தூட்டுவதற்கு இசைந்த தோட்டங்கள் பல, லயன்களுக்கு மலகூடம் கட்டும் செலவுக்குத் தயங்கின. ஒவ்வொரு பங்காளியும் தனக்கு இலகுவான பகுதியைச் செய்து, கடினமான பகுதியை மற்றவருக்கு விட்டுவைக்கும் போக்கினை ஈண்டு காண்கின்றோம்.

தொழிலாளர் குரல் அரசியலில் ஒலிக்கத் தொடங்கியது 1931 இன் சர்வசன வாக்குரிமைக்குப் பின்னரேயாகும். ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வாணிப அமைச்சரானார். 1936 இல் அத்தொகுதியைத் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் வென்றார். இந்த வளர்ச்சியை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் துண்டித்தன. வாக்கற்ற மக்களின் பாதையையும் குடிநீரையும் குறித்துக் கேட்பதற்குப் பிரதிநிதிகள் எவருக்கும் தேவை ஏற்படவில்லை.

காணிச் சீர்திருத்தத்தின் கீழ் 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் சேர்ந்த நலன்புரி நிதியமொன்று உருவாயிற்று. 2002 முதல் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்றது. வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றியமைத்தல் ஆகியன அதன் பணிகளாயின. தொழிலாளரின் சங்கங்கள் மேசையில் அமர்ந்தமை முன்னேற்றமே. ஆயினும் சங்கத்தில் சேராதோரும், தோட்டத்தில் வாழ்ந்து வெளியே தொழில் புரிவோரும் அம்மேசையில் எவ்வாறு இடம்பெறுவர் என்ற வினா எஞ்சிற்று.

அவர்கள் அனைவருக்கும் உரிய இயல்பான பங்காளி உள்ளூராட்சி மன்றமேயாகும். ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கிற்று. பிரசாவுரிமை மீளப்பெற்ற மக்கள் சபை உறுப்பினரை வாக்களித்துத் தெரிந்தனர். அவ்வுறுப்பினரோ தம்மைத் தெரிந்தோரின் லயத்துப் பாதையைச் செப்பனிடச் சபைப் பணத்தைப் பயன்படுத்த இயலாதிருந்தார். வாக்கு தோட்டத்திலிருந்து சபைக்குச் சென்றது. சேவை தோட்ட எல்லையில் நின்றது.

இந்நிலை 2018 இல் மாறிற்று. அவ்வாண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தோட்ட மக்களுக்கும் பொது வசதிகளைச் செய்துகொடுக்கும் வழியைப் பிரதேச சபைகளுக்குத் திறந்தது. அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன்னரே, ஏறத்தாழ 2 இலட்சம் மக்களைக் கொண்டிருந்த அம்பகமுவ பிரதேச சபை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாக வகுக்கப்பட்டிருந்தது. இதற்கு ஓராண்டின் முன், 2017 மே மாதத்தில், இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை டிக்கோயாவில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் ஒரு நாட்டின் உதவி. வைத்தியர் அரசின் பொறுப்பு. நோயாளியை அங்கு கொண்டுசெல்லும் பாதையோ தோட்டத்திற்கும் சபைக்கும் இடைப்பட்டது. கூட்டுமுயற்சியின் பயன் அதன் மிக நலிந்த கண்ணியால் அளவிடப்படும் என்பதற்கு இது சான்று.

இதனால், சட்டம் திருந்தியமையே போதும் எனக் கொள்ளலாகாது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்ற பின், 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் எவரும் அம்மன்றங்களில் இருக்கவில்லை. அதிகாரம் கிடைத்த சில ஆண்டுகளிலேயே அதனைப் பயன்படுத்துவோர் இல்லாது போயினர்.

ஒன்றரை நூற்றாண்டு வரலாறு காட்டும் உண்மை இதுவேயாகும்: நலன்புரி நிறுவனங்களின் எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் நலவாழ்வு பெருகாது. பொறுப்பு யாருடையது என்பது வரையறுக்கப்படல் வேண்டும்; அப்பொறுப்பு தவறியவிடத்துக் கேள்வி கேட்கும் உரிமை பயன்பெறுவோர் கையில் இருத்தல் வேண்டும். உதவி பெறுவோராக நெடுங்காலம் கருதப்பட்ட மலையக மக்கள் உரிமையுள்ள பங்காளிகளாகும் அளவுக்கே, ஹட்டன் மலைகளில் கூட்டுமுயற்சி என்னும் சொல் பொருள் பெறும்.