தாயிப் தூதுக்குழுவின் பேரம்

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு ரமழானில் (கி.பி. 630 டிசம்பர்) தாயிப் நகரிலிருந்து ஆறு பேர் மதீனா வந்து சேர்ந்தனர். ஸகீப் கோத்திரத்தின் சார்பில் இஸ்லாத்தை ஏற்பது பற்றிப் பேசுவதே அவர்களது நோக்கம். தலைமை தாங்கியவர் அப்து யாலீல். பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் நபி (ஸல்) அவர்கள் ஆதரவு தேடி தாயிப் சென்றபோது, ஏளனம் செய்து திருப்பியனுப்பிய மூன்று சகோதரர்களுள் ஒருவராக இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுவதும் இவரையே.

இந்த வருகைக்குப் பின்னணி இருந்தது. முந்திய ஆண்டு ஹுனைன் போரைத் தொடர்ந்து முஸ்லிம்கள் தாயிபை முற்றுகையிட்டனர், மதில் விழவில்லை. முற்றுகை கைவிடப்பட்டபோது ஸகீபைச் சபிக்குமாறு சிலர் கேட்க, நபியவர்கள் அவர்களது நேர்வழிக்காகவே பிரார்த்தித்தார்கள். பின்னர் இஸ்லாத்தைத் தழுவி ஊர் திரும்பிய தலைவர் உர்வா இப்னு மஸ்ஊத் (ரலி) சொந்த மக்களின் அம்புக்கே பலியானார். ஆனால் அயல் கோத்திரங்கள் ஒவ்வொன்றாக மதீனாவுடன் இணைந்துவிட்டன. ஹவாஸின் தலைவர் மாலிக் இப்னு அவ்ஃப் இஸ்லாத்தை ஏற்று, ஸகீபின் மந்தைகளைத் தாக்கிக்கொண்டிருந்தார். மதிலுக்கு உள்ளே பாதுகாப்பு இருந்தது. வெளியே வாழ்வு இல்லை. ஆகவே அவர்கள் புதிய மார்க்கத்தின் நிழலைத் தேடி வந்தார்கள்.

அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. தொழுகையைக் கண்டார்கள், குர்ஆனைக் கேட்டார்கள். காலித் இப்னு ஸயீத் (ரலி) இடைத்தரகராக நின்றார். அனுப்பப்படும் உணவை அவர் முதலில் உண்ணாமல் இவர்கள் தொடவில்லை. வேண்டுவதோ அடைக்கலம், உள்ளத்திலோ நம்பிக்கையின்மை.

பேரம் தொடங்கியது. தங்கள் தெய்வமான லாத்தை மூன்று ஆண்டுகள் விட்டுவைக்க வேண்டும் என்றனர். மறுக்கப்பட்டது. ஓராண்டு என்றனர், இறுதியில் ஒரு மாதம் என இறங்கினர். அதுவும் மறுக்கப்பட்டது. தொழுகையிலிருந்தாவது விலக்குக் கேட்டனர். தொழுகையில்லாத மார்க்கத்தில் நன்மையில்லை என்பதே பதிலின் சாரம். வட்டிக்கும் மதுவுக்கும் கூட அவர்கள் அனுமதி கேட்டதாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன.

ஒரு சலுகை கிடைத்தது. லாத்தைத் தங்கள் கைகளால் உடைக்க வேண்டியதில்லை. அப்பணிக்கு அபூ ஸுஃப்யானும் (ரலி), ஸகீபைச் சேர்ந்த முகீரா இப்னு ஷுஃபாவும் (ரலி) அனுப்பப்பட்டனர். முகீரா கோடரியை ஓங்கியபோது, உர்வாவுக்கு நேர்ந்தது இவருக்கும் நேராதிருக்க அவரது குலத்தார் சூழ்ந்து நின்றனர். பெண்கள் தலைவிரித்து அழுதனர். லாத்தின் செல்வத்திலிருந்து உர்வாவின் கடன் அடைக்கப்பட்டது.

இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நபியவர்கள் மனித பலவீனத்துக்கு இடம் கொடுத்தார்கள். நேற்றுவரை வணங்கியதைத் தானே உடைப்பதன் வேதனையை விளங்கிக்கொண்டார்கள். ஆனால் கீழ்ப்படிதலை விலைபேச இடம் கொடுக்கவில்லை. ஸகீபார் கேட்டது பலவீனத்துக்கான சலுகை மட்டுமல்ல. இறைவனின் பாதுகாப்பும் வேண்டும், பழைய வாழ்வும் மாறாதிருக்க வேண்டும் என்பதே.

அந்தக் குழுவில் வயதில் இளையவர் உஸ்மான் இப்னு அபுல் ஆஸ் (ரலி). மற்றவர்கள் நிபந்தனைகளைப் பேசிக்கொண்டிருக்க, அவர் குர்ஆனைக் கற்பதில் ஆர்வம் காட்டினார். தாயிபின் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 632இல் நபியவர்களின் மறைவின் பின், தொழுவோம், ஸகாத் தரமாட்டோம் எனச் சில கோத்திரங்கள் மீண்டும் பேரம் பேசின. அப்போது இறுதியாக இஸ்லாத்தில் நுழைந்த நீங்கள் முதலாவதாக வெளியேறிவிடாதீர்கள் என்ற கருத்தில் தம் மக்களை அவர் தடுத்தார். தாயிப் நிலைத்து நின்றது.

புதுமனை புகும்போதும் கடை திறக்கும்போதும் நாம் பரக்கத்தை வேண்டிக் கையேந்துகிறோம். அந்தக் கடையின் தராசையும் கடனையும் பற்றிய கட்டளைகள் வரும்போது மட்டும் தவணை கேட்கிறோம். மூன்று ஆண்டு, ஓராண்டு, ஒரு மாதம் என்ற அந்தக் குரல் நமக்கு அந்நியமானதன்று.