முத்துக்குளித்துறையில் பயணியர் கண்டதும் காணாததும்: தூத்துக்குடியின் காட்சியிடங்கள் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடிக்கு வருவோர் காண வேண்டியவை எனப் பொதுவாகச் சுட்டப்படுவன பனிமய மாதா பேராலயம், துறைமுகம், கடற்கரை, தீவுகள் முதலியனவாகும். நகருக்கு ‘முத்துநகர்’ என்னும் பெயரை ஈட்டித் தந்த முத்துக்குளிப்பைக் காட்டும் இடம் இவற்றுள் ஒன்றுமில்லை. இவ்வின்மை அண்மைக்காலத்தது அன்று. முத்துக்குளிப்பு நடைபெற்ற முறையிலேயே அதற்கான காரணம் அடங்கியுள்ளது என்பதை அயல்நாட்டுப் பயணியர் குறிப்புகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, சலாபம், பரதவர், பயணக்குறிப்பு, தூத்துக்குடி, பார்.

வந்திறங்கியவரின் ஏமாற்றம்

1700ஆம் ஆண்டளவில் தென்தமிழகத்தில் இருந்த மார்ட்டின் என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி தம் மடல் ஒன்றில் தூத்துக்குடியைப் பற்றி எழுதியுள்ளார். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும் அம்மடற் செய்தி எடுத்தாளப்பட்டுள்ளது. கடல்வழியே வருபவர் கண்ணுக்கு ஊர் அழகிய நகராகத் தோன்றுகிறது. உயர்ந்த கட்டடங்களும், ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையும், நீரோரத்துப் பண்டகசாலைகளும் தெரிகின்றன. கரையில் கால் வைத்ததும் அவ்வழகு முழுதும் மறைந்து, பெரும்பாலும் ஓலைக் குடிசைகளால் ஆன பெரியதோர் ஊரே எஞ்சுகிறது என்பது அவர் கூற்றின் சாரம்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவரின் ஏமாற்றம் இது. எனினும் அதே மடலில்தான் முத்துக்குளிப்பு குறித்த விரிவான செய்தியும் இடம்பெறுகிறது. ஒல்லாந்தர் முதலில் சில படகுகளை அனுப்பிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பர். விளைச்சல் செலவுக்குக் கட்டுப்படியாகும் என்று கண்டால் அவ்வாண்டு குளிப்பு நடக்கும் என அறிவிப்பர். கரையெங்கும் இருந்து மக்களும் படகுகளும் திரளும். பீரங்கி முழக்கத்தோடு குளிப்புத் தொடங்கும். ஓலைக் குடிசைகளைக் கண்டு முகம் சுளித்தவரே அக்குடிசைவாசிகளின் தொழிலைக் கண்டு வியந்தும் எழுதியிருக்கிறார். இவ்விரு குறிப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டியது இன்றியமையாதது. இக்கடற்கரையின் செல்வம் கல்லில் இருக்கவில்லை. ஓலையிலும் கயிற்றிலும் தோணியிலும் மனித மூச்சிலும் இருந்தது. கல்லைத் தேடி வந்த கண்ணுக்கு அது ஊராகவே தோன்றவில்லை.

இடம்பெயரும் கடைத்தெரு

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழைநாடுகளில் நெடுங்காலம் பயணம் செய்த வெனிஸ் வணிகர் சீசர் பெடரிக் இதற்குத் தெளிவான சான்று தருகிறார். முத்துக்குளிப்பு மார்ச்சு அல்லது ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது நாள் நடக்கும். ஆனால் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. பருவம் நெருங்கியதும் தேர்ந்த குளியாட்களை அனுப்பிச் சிப்பி மிகுந்திருக்கும் இடத்தை அறிவர். அவ்விடத்திற்கு நேரே கரையில் வீடுகளும் கடைத்தெருவுமாக ஓர் ஊர் எழும். எல்லாம் வைக்கோலும் ஓலையும் வேய்ந்தவை. வேண்டிய பொருள் யாவும் அங்குக் கிடைக்கும். குளிப்பு முடிந்ததும் அவ்வூரும் முடிந்துவிடும்.

அக்குளியாட்கள் அந்நாட்டுக் கிறித்தவர்கள் என்றும் பெடரிக் குறிக்கிறார். 1530களில் கிறித்தவம் தழுவிய பரதவர்களே அவர்கள். தமிழில் முத்துக்குளிப்பையும் அது நடக்கும் இடத்தையும் ‘சலாபம்’ என்னும் சொல் குறிக்கும். ‘சிலாபம்’ என்பதும் அதன் வடிவமே. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் போன்ற பெயர்கள் ஆய்வறிக்கைகளிலும் பதிவாகியுள்ளன. பார்கள் கடலுக்கடியில் இடம் மாறுவதில்லை. ஆனால் எந்தப் பாரில் எந்த ஆண்டு சிப்பி முதிரும் என்பதை நீரோட்டமும் சிப்பியை உண்ணும் மீன்களும் முடிவு செய்தன. நன்கு பிடித்த இளஞ்சிப்பி மறு ஆண்டே அற்றுப்போவதும் உண்டு. ஆகவே சலாபத்துக்கு நிலையான கட்டடம் எழுப்புவது பொருளற்ற செலவாகவே இருந்திருக்கும்.

கரையும் நிலையாக இருந்ததில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. மதுரைக்காஞ்சியும் கொற்கையின் முத்தைப் பேசுகிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்க, கொற்கை இன்று வயல்களுக்கிடையே கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோபோலோ கண்ட காயல், கால்டுவெல் துணிந்தபடி, ஆற்றுமுகத்துப் பழையகாயலே. அங்குச் சீன, அரபுக் கலவோடுகளை அவர் கண்டார். அதுவும் பின்னர்த் துறை என்னும் தகுதியை இழந்தது. இவ்வாறு ஒரு துறை தூர்ந்தபின் இன்னொரு துறை தலையெடுத்த வரிசையில் கடைசியாக நிற்பது தூத்துக்குடி. ஜோ டி குரூஸ் இந்நகரைக் களமாகக் கொண்ட தம் நாவலுக்குக் ‘கொற்கை’ என்று பெயரிட்டது வெறும் பழமைப் பற்றினால் அன்று என்றே கொள்ளத் தோன்றுகிறது.

மார்க்கோபோலோ பங்கீட்டையும் குறித்துள்ளார். அரசனுக்குப் பத்தில் ஒன்று. பெருமீன்கள் குளியாட்களைத் தீண்டாதவாறு மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒன்று. பிற்காலத்தில் ‘கடற்கட்டி’ எனப்பட்டவர்கள் இப்பணியைச் செய்தனர். பிரித்தானியர் ஆட்சியில், கரைசேர்ந்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாட்களுக்கும் எனப் பிரித்து, அரசுப் பங்கை ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டனர். 1889ஆம் ஆண்டுத் தூத்துக்குடிக் குளிப்பை ஆராய்ந்த எட்கார் தர்ஸ்டன் மறு ஆண்டு அதனை நூலாக வெளியிட்டார். காலில் கல்லும் இடையில் வலைப்பையுமாக இறங்கி, ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலான நேரம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவோரும், மேலே தோணியில் அவர் உயிர்க்கயிற்றைப் பிடித்திருப்போரும், கரையில் அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்கூட்டமும் இத்தகைய குறிப்புகளில் தவறாது இடம்பெறும் காட்சிகளாகும். காட்சியைக் கண்டவர் பெயர் நமக்குக் கிடைக்கிறது. கயிற்றின் இரு முனைகளிலும் இருந்தவர் பெயர்களை இவ்வகை நூல்களில் தேடுவது பெரும்பாலும் வீண்முயற்சியே.

கல்லாக மாறிய முத்து

முத்துச் செல்வம் நிலையான வடிவம் பெற்றது வழிபாட்டிடங்களில்தான். புனித சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தார். பனிமய மாதாவின் திருவுருவம் மணிலாவிலிருந்து 1555இல் கப்பலில் வந்து சேர்ந்தது என்பது மரபு. இன்றுள்ள ஆலயம் 1713இல், ஒல்லாந்தர் ஆட்சியின்போது, கட்டி முடிக்கப்பட்டது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. கத்தோலிக்கத்துக்குப் பகையான சீர்திருத்தச் சபையினர் 1658 முதல் துறையை ஆண்டபோதே பரதவர் இவ்வாலயத்தை எழுப்பினர் என்பது எண்ணத்தக்கது. குளியாட்கள் இன்றி முத்து இல்லை என்பதை ஒல்லாந்தர் நன்கு அறிந்திருந்தனர். சமயப் பொறுமை என்று இதனைச் சொல்வதினும் வணிகக் கணக்கு என்பதே பொருந்தும். அவர்கள் தமக்கென எழுப்பிய திரித்துவ ஆலயம் 1750ஆம் ஆண்டினது. அக்கம்பெனியின் பெயர் ஒல்லாந்த மொழியில் சுருங்கும்போது வரும் மூன்றெழுத்துகளும், பின்னாளில் இத்துறைமுகத்துக்குப் பெயர் தந்த வ.உ.சி.யின் பெயர் ஆங்கிலத்தில் சுருங்கும்போது வருவனவும் ஒன்றே என்பது வரலாற்றின் தற்செயல்.

ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழாவும், மிக அரிதாக இழுக்கப்படும் பொன்தேரும் இவ்வழியில் வந்தவையே. சாதித்தலைவர் முயற்சியில் உருவான அத்தேர் முதன்முதல் 1806இல் ஓடியது; அண்மையில் 2013, 2023ஆம் ஆண்டுகளில் ஓடியது. தேர், வடம், தலைவருக்குரிய முதன்மை ஆகியன தமிழ்க் கோயில் மரபின் கூறுகள். பயணி இதனை வியப்புக்குரிய கலப்பாகக் காண்கிறார். சலாபத்தில் சாதித்தலைவர் பெற்றிருந்த உரிமைகள் தேரின் முன் அவருக்குரிய மரியாதைகளாகக் கண்முன் நிற்கின்றன என்பதையும் சேர்த்து நோக்கினால்தான் அக்காட்சி விளங்கும்.

கட்டடங்களுக்கான பொருளும் பெருமளவு கடலிலிருந்தே வந்தது. பழைய வீடுகளிலும் மதில்களிலும் பவளப்பாறைக் கல்லும், அதனைச் சுட்ட சுண்ணாம்பும் பயன்பட்டன. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் ஆசிரியர் அன்றிக்கு அடிகளார் நெடுங்காலம் பணியாற்றியது புன்னைக்காயலில்; அத்தமிழ் அச்சுப்பணிக்குப் பொருள் ஈந்தோர் இக்கரைப் பரதவர். தமிழ் அச்சு வரலாற்றைக் கற்போர் புன்னைக்காயலைக் காணச் செல்வது இன்றும் அரிதாகவே உள்ளது.

முத்துக்குளிப்பைக் காண்பதற்கென்றே கட்டடம் எழுந்த இடம் ஒன்றும் உண்டு. அது எதிர்க்கரையில், மன்னார்ப் பகுதி அரிப்பில் உள்ளது. இலங்கையின் ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலாபத்தை மேற்பார்வையிடக் கட்டிய மாளிகை இன்று கடலரிப்பால் இடிந்து வருகிறது. அதன் அருகே உள்ள சிலாவத்துறை என்னும் ஊர்ப்பெயர் கட்டடத்தைக் காட்டிலும் உறுதியாக நிற்கிறது.

கடந்து செல்வோரின் ஊர்

1876இல் இருப்புப்பாதை வந்ததும் தூத்துக்குடி கொழும்புக்குப் போவோரும் வருவோரும் கடந்து செல்லும் ஊராயிற்று. கடல் ஆழமற்றது, நீராவிக் கப்பல்கள் கரைக்குப் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டன. பயணியர் சிறு படகேறிக் கரைசேர்ந்து இரயிலைப் பிடித்தனர். அவர்களுக்கு இவ்வூர் இந்தியாவின் முதற் காட்சி; ஆயினும் ஊரில் தங்கிக் காண அவர்களுக்கு நேரமில்லை. இதே வழியாகத் தட்டப்பாறை முகாமில் தடுத்து வைக்கப்பட்டு இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரைப் பயணியர் என்று எந்தக் கைநூலும் கருதியதில்லை.

இப்பயணிப் போக்குவரத்தே அரசியலுக்கும் களமாயிற்று. வ.உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் பிரித்தானியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது. 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை அடுத்து அவர் சிறைப்பட்டார். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்ததும் கொழும்புப் பயணியர் அவ்வழியை நாடினர். புதிய துறைமுகம் 1974இல் செயற்பாட்டுக்கு வந்தது. பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் சரக்கேற்றுகின்றன. சுதேசிக் கப்பலின் வரலாற்றைத் தேடி வருவோர் முதலில் நிற்க வேண்டிய இடம் அதுவே.

1961க்குப் பின்

இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதுவே கடைசி. அதன்பின் நடந்த ஆய்வுகளில் பார்களில் போதிய சிப்பி காணப்படவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். எனினும் சலாபம் மீளவில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லித் தீவு, பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டதன் விளைவாகக் கடலுள் மூழ்கிவிட்டது. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. காணத்தக்க இடங்களின் பட்டியலில் உள்ள தீவுகள் தேய்ந்தமைக்கு, அதே பட்டியலில் உள்ள நகரின் சுவர்களும் ஒரு காரணம் என்பதைச் சுற்றுலாக் கைநூல்கள் சொல்வதில்லை.

மூச்சடக்கும் தொழில் முற்றிலும் மறையவில்லை. திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிப்போர் இன்றும் கடலுக்குச் செல்கின்றனர். வங்காளத்து மணமகளிரின் வளைகளுக்கு இக்கடற் சங்கு நெடுங்காலமாகச் சென்று வந்துள்ளது. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இதுபற்றித் தனி நூலே எழுதினார். முத்தும் சங்கும் குளித்தவர்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்தவர். கருவியும் சொற்களும் ஒத்தவை. 1961இல் இளைஞராயிருந்து கடலில் இறங்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பார்களின் பெயர்களையும் ஆழங்களையும் அவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவதற்கு இனி மிகுந்த காலம் இல்லை.

அப்பதிவில் கேட்டறிய வேண்டிய செய்திகளுள் ஒன்று இடங்குறிக்கும் முறை. கரையில் உயர்ந்து தெரியும் கோபுரத்தையும் மரத்தையும் பிற அடையாளங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக் கடலில் தாம் நிற்கும் இடத்தைத் துணிவது கடலோடிகளின் பழைய வழக்கம். கன்னியாகுமரிக் கரையில் இதனைக் ‘கணியம்’ என்பர். எந்தப் பாருக்கு எந்தக் கோபுரம், எந்த மரம் என்னும் விவரம் கிடைக்குமாயின், மார்ட்டின் கடலிலிருந்து கண்டு மயங்கிய அதே கரைத்தோற்றத்தைக் குளியாட்கள் எதற்காக உற்று நோக்கினர் என்பதும் தெரியவரும்.