சம்பாபதியும் பூம்பாவையும்

மாண்ட உயிரைத் தெய்வம் மீட்டுத் தருமா என்னும் வினா தமிழ் இலக்கியத்தில் பலவிடத்தும் எழுந்துள்ளது. அவற்றுள் இரண்டு கடற்கரை ஊர்கள் தந்த விடைகள் ஒப்பிட்டு நோக்கத்தக்கன. ஒன்று புகார், மற்றொன்று மயிலை. புகாரின் ஒரு பகுதிக்குப் பட்டினப்பாக்கம் என்று பெயர் எனச் சிலப்பதிகாரம் கூறும். மயிலையை அடுத்த கடற்கரையும் இன்று அப்பெயரே பெற்றுள்ளது.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் இளைஞன் சுடுகாட்டில் பேய்மகளைக் கண்டு அஞ்சி உயிர் விடுகிறான். அவன் தாய் கோதமை, புகாரின் காவல் தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகிறாள். ஊழ்வினை வந்து உயிர் நீங்கியது எனத் தெய்வம் விடை கூறுகிறது. தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு அத்தாய் வேண்டுகிறாள். உயிருக்கு உயிர் ஈடாகுமாயின் மன்னர்க்காக உயிர் தர முன்வருவோர் பலர் இருந்தும் இச்சுடுகாட்டில் அரசர்க்கு எடுத்த கோட்டங்கள் ஏன் உள்ளன என்று சம்பாபதி வினவுகிறாள். அதன் பின்னரும் கோதமை தேறாமையால், சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் வரவழைத்துத் தன் கூற்றுக்குச் சான்று காட்டுகிறாள். வினையின் விதியை எத்தெய்வமும் மாற்றவியலாது என்பது சாத்தனாரின் துணிபு. கடுகு தேடி வீடுதோறும் அலைந்த கிசாகோதமியின் பௌத்தக் கதையும் இதே கருத்தினதாகும்.

மயிலையின் விடை வேறு. சிவநேசரின் மகள் பூம்பாவை ஏழு வயதில் அரவு தீண்டி இறக்கிறாள். தந்தை எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காக்கிறார். சம்பந்தர் கபாலீச்சரத்தின் முன் பதிகம் பாட, அவள் உயிர்பெற்று எழுகிறாள். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பதிகம் ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு முதலிய விழாக்களைக் காட்டி, அவற்றைக் காணாது போகலாமா என்று அவளை விளித்துக் கேட்கிறது. அவள் எழுந்த வரலாற்றை விரித்துரைப்பவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரே.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஏழு வயதில் இறந்தவள் எழும்போது பன்னிரண்டு ஆண்டுப் பருவத்தினளாக விளங்குகிறாள். சாவின் விதியை மீறிய கதையும் காலத்தின் விதியை மீறவில்லை; குடத்துள் இருந்த ஆண்டுகளும் கணக்கில் சேர்ந்தன. அவளை மணக்குமாறு தந்தை வேண்ட, உயிர் தந்தமையால் தமக்கு மகளாவாள் எனச் சம்பந்தர் மறுக்கிறார். உறவின் நெறியும் அங்கே நிலைபெறுகிறது.

ஆகவே, இலக்கியத்துள் வாழும் தெய்வத்தின் ஆற்றலுக்கு எல்லை வகுப்பவன் புலவனே எனலாம். சாத்தனார் தெய்வத்தின் கையைக் கட்டினார், சேக்கிழார் அவிழ்த்தார். ஆயினும், எல்லாவற்றையும் மாற்றவல்ல தெய்வத்தை இருவரும் படைத்திலர். விதி ஒன்றும் இல்லாத உலகில் துயரும் இல்லை. துயரில்லாவிடத்துக் காப்பியமும் இல்லை.

26.12.2004 அன்று ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்திலும் உயிர்களைக் கொண்டது. அன்று அக்கரையில் அழுத தாயரின் கேள்வி கோதமையின் கேள்வியே. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் மயிலைக் குளக்கரையில் பூம்பாவை ஆண்டுதோறும் மீண்டும் எழுகிறாள். கோதமைக்கோ விழா இல்லை. அவளுக்குக் கிடைத்தது பொய்யுரையாத ஒரு தெய்வத்தின் விடை மட்டுமே. மகனை ஈமத்தில் ஏற்றிவிட்டுத் தானும் இறந்த அத்தாயையும் மறவாதிருத்தல் கவிஞர்தம் கடனாகும்.