கசப்பும் டீயும்: நாக்கின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மேல்மலையனூரில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிற கூட்டத்தை விடியவிடிய விழிக்க வைப்பதில் அங்காளம்மனுக்கு இருக்கிற பங்கு டீக்கும் உண்டு. வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் விற்கிற கடைகளுக்கு நடுவே பாய்லர்கள் கொதித்துக்கொண்டிருக்கும். அப்படியொரு கடையில் 'வித்தவுட்' சொல்லி வாங்கிய டீயை எங்கம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சர்க்கரை நோய் என்று தெரிந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. பால் டீயை விட்டுவிட்டு கிரீன் டீக்கு மாறச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் போட்டுக் கொடுத்தால், "கொளத்துப் பாசி வாசன வருது, யார்றா குடிப்பாங்க இத" என்று வாசலில் ஊற்றிவிடுவாள்.

எனக்கு உறுத்தியது வேறு. 2017இல் டெங்கு பரவியபோது அரசு ஆஸ்பத்திரிகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். நிலவேம்பு, பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து அது. வரிசையில் நின்று வாங்கி முகம் சுளிக்காமல் குடித்தவள் இதே அம்மா. அந்தக் கசப்புக்கு முன்னால் கிரீன் டீயின் கசப்பு எம்மாத்திரம்? அப்படியானால் அவள் நாக்கு மறுத்தது கசப்பைத்தானா?

சுவையை உடம்போடு பிறந்தது என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். ஆனால் டீயைப் பொறுத்தவரை நம் நாக்கு கட்டமைக்கப்பட்டது, அதுவும் நூறு வருஷத்துக்குள். 1903இல் ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் தேயிலைப் பிரச்சாரம் நடத்தினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டுச் சந்தை படுத்ததும் பிரச்சாரம் முழு மூச்சாக உள்நாட்டுப் பக்கம் திரும்பியது. ரயில் நிலையம், சந்தை, ஆலை வாசல் என்று இலவசக் கோப்பைகள், சின்னப் பொட்டலங்கள், எப்படிப் போடுவது என்று செய்துகாட்டும் ஆட்கள். கடைக்காரர்கள் தூளைக் குறைத்துப் பாலையும் சர்க்கரையையும் கூட்டியது பிரச்சாரகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜெயித்தது கடைக்காரர்தான். 1930இல் அஸ்ஸாமில் மெக்கெர்ச்சர் உருவாக்கிய, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரம் விடுதலைக்குப் பிறகு பரவியபோது அந்த வெற்றி உறுதியாயிற்று. குருணைத் தூள், சட்டென்று இறங்கும் நிறம், எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்கும் கடுப்பு. கிலோவுக்கு அதிக கிளாஸ், விலையும் மலிவு.

காப்பி பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பவர்களின் பானமாகவும் ஆன கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'யில் எழுதியிருக்கிறார். பசியோடு வேலைக்குப் போகிறவனுக்கு அந்த இனிப்பும் பாலும் பாதிச் சாப்பாடு. (இனிப்பு எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது, கிளாஸ்தான் சேரிக்கு வேறாக இருந்தது.) ஆக, நமக்கு 'டீ' என்ற சொல்லுக்குள்ளேயே சர்க்கரை இருக்கிறது. அது இல்லாததைக் குறிக்கத்தான் தனியாக ஒரு சொல், 'வித்தவுட்', தேவைப்படுகிறது.

தேயிலை இனிப்பில்லாமல் மருந்தாக நுழைந்த தேசங்களும் உண்டு. சீனாவிலிருந்து 1191இல் ஜப்பான் திரும்பிய எய்சாய் என்ற பௌத்தத் துறவி, 1211இல் 'கிஸ்ஸா யோஜோகி' என்று தேநீரும் உடல்நலமும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஐந்து உறுப்புக்கு ஐந்து சுவை. இதயத்தின் சுவை கசப்பு. நம் ஜனங்கள் கசப்பே தின்பதில்லை, அதனால்தான் இதயம் கெடுகிறது, டீ குடியுங்கள் என்பது அவர் வாதம். 1214இல் குடிமயக்கம் தெளியாமல் கிடந்த ஷோகன் சனேதோமோவுக்கு அவர் டீ கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. எய்சாயின் உடற்கூறு இன்று செல்லாது. ஆனால் கசப்பை நீக்கவேண்டிய குறையாகப் பார்க்காமல், குடிப்பதற்கான காரணமாகவே அவர் பார்த்தது கவனத்திற்குரியது.

வேதியியலும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் நிற்கிறது. கறுப்புத் தேயிலையில் இலையை நசுக்கிக் காற்றில் விட்டுக் கறுக்க வைக்கிறார்கள். கிரீன் டீக்குப் பறித்த கையோடு ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கேட்டகின் என்கிற பொருள்கள் பெருமளவு அப்படியே தங்குகின்றன. நன்மை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இவற்றால்தான். கசப்பும் துவர்ப்பும் பெரும்பாலும் இவற்றால்தான். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுக்கிற வித்தை கிடையாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு மொத்தமாக இறங்கும், எண்பது டிகிரிக்குக் கீழே இரண்டு நிமிஷம் போட்டு எடுத்தால் தணியும். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் சாது, ஆனால் கேட்டகினும் கொஞ்சம் குறைவாகவே இறங்கும். பால் ஊற்றினால் அதன் புரதம் கேட்டகினைப் பிடித்துக்கொள்கிறது. எலுமிச்சை பரவாயில்லை. அதன் சாறு செரிமானத்தின்போது கேட்டகின் சிதையாமல் காக்கிறது என்று 2007இல் அமெரிக்க ஆய்வகச் சோதனை ஒன்று காட்டியது. குடலைப் போலச் செய்த கண்ணாடிக் குழாயில்தான், மனிதர்களிடம் அல்ல.

குடிக்கவே பிடிக்காதவர்களுக்கு என்று சாறு மாத்திரைகளும் வந்துவிட்டன. அந்தச் சாற்றின் வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. என்கிற கேட்டகின் உள்ளே போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொல்லியிருக்கிறது. நாக்கை ஏமாற்றி உள்ளே அனுப்பினால் இப்படியும் ஆகும். கிரீன் டீ புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை என்றுதான் 2020இல் காக்ரேன் மதிப்பாய்வு முடித்தது. சோறோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. ரத்தசோகை மலிந்த நம் பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. என் அபிப்பிராயத்தில், எங்கம்மா போன்றவர்களுக்குக் கிரீன் டீ செய்கிற பெரிய நன்மை அதில் என்ன இல்லை என்பதில் இருக்கிறது. நாளுக்கு நாலு கிளாஸ் டீ, கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்று எட்டு ஸ்பூன் சர்க்கரை அதில் இல்லை.

ஆக நான் அந்தச் சொல்லைத்தான் மாற்றிப் பார்த்தேன். டீ நேரத்தில் டீ கிளாஸில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சுக்கும் ரெண்டு துளசியும் தட்டிப்போட்டு, கஷாயம் குடிக்கிற சின்ன டம்ளரில், "இது மருந்தும்மா" என்று பதினோரு மணிக்கு வைத்தேன். மூன்று மடக்கில் குடித்துவிட்டாள். அப்புறம்தான் இலங்கைத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. திருச்சி, சேலம், ஆற்காடு பக்கமிருந்து போனவர்கள் உலகத்துக்குத் தேயிலை பறித்துக் கொடுத்துவிட்டு, பால் இல்லாத வெறுந்தேத்தண்ணியைக் குடித்தார்கள். சர்க்கரை உள்ளே போகாது. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் வெல்லத்தைக் கடித்துக்கொள்வார்கள். பஞ்சம் கற்றுக்கொடுத்த சிக்கனம் அது, ருசி என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் இனிப்பை டம்ளருக்கு வெளியே வைக்கிற அந்த முறையைக் கடன் வாங்கினேன். வெல்லத்துக்குப் பதில் வறுத்த மல்லாட்டை, ஒரு கைப்பிடி. செஞ்சிப் பக்கம் அதற்கா பஞ்சம்?

போன அமாவாசைக்கு எங்கம்மா பாய்லர் கடையில் மறுபடியும் பால் டீ வாங்கினாள், சர்க்கரை போட்டு. "சாமிக்கு வந்த எடத்துல கஷாயமா குடிப்பாங்க?" என்றாள்.