கரிசல்காட்டுக் காவல்: ஹாப்ஸ் முதல் கைரேகைச் சட்டம் வரை

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் அறுத்துக் களத்தில் கிடக்கும் சில நாட்களில் களவு போனால், அந்த வருஷத்துச் சோறே போயிற்று. களத்துத் தானியத்துக்கும் தொழுவத்து மாட்டுக்கும் சம்சாரிகள் கொடுத்துவந்த பாதுகாப்பு விலைதான் காவல்கூலி. ஊர்க் காவல்காரர் பார்த்தது ஸ்தலகாவல். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற பாளையங்கள் தம் எல்லை தாண்டியும் வசூலித்தது தேசகாவல். களவுபோன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும். இல்லையேல் ஈடு கட்ட வேண்டும்.

இது உடன்படிக்கையா, மிரட்டலா? மனிதனைப் பற்றிய கணிப்பைப் பொறுத்து விடை மாறும்.

மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்ட காலத்தில், 1651இல், தாமஸ் ஹாப்ஸின் ‘லெவியத்தான்’ வெளிவந்தது. மனிதர் இயல்பில் ஏறக்குறையச் சமமானவர்கள். அதனாலேயே ஒருவருக்கொருவர் அஞ்சுகிறார்கள். எல்லோரையும் அடக்கும் ஒரே அதிகாரம் இல்லாவிட்டால் ஓயாத சண்டைதான் என்றார் அவர். ஜான் லாக் அவ்வளவு அவநம்பிக்கை கொண்டவர் அல்லர். உடைமையைக் காக்கவே மனிதர் ஆட்சியை ஏற்கிறார்கள், காக்கத் தவறினால் விலக்கலாம் என்பது அவர் கட்சி. ஈடு கட்டும் வழக்கம் இதற்கு நெருக்கமானது. ஆனால் கூலியை நிறுத்திய ஊரில் காவல்காரரே களவுக்குத் துணைபோனதாகப் புகார் எழுந்ததுண்டு. விலக்கும் உரிமை அங்கே அடிபட்டுப்போகிறது. வலிமைக்குப் பணிவது கடமையாகாது என்ற ரூசோவின் 1762ஆம் ஆண்டு வாதம் இங்கே பொருந்தும். வள்ளுவருக்கு மனித இயல்பு பற்றிய கோட்பாடே தேவைப்படவில்லை. கொடுங்கோன்மை அதிகாரத்தில், கோலோடு நின்று பொருள் கேட்கும் அரசனை வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்.

கிழக்கிந்தியக் கும்பினி தேர்ந்தது, ஒரே அதிகாரம் என்ற ஹாப்ஸின் வழி. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மீண்டும் போர் மூண்டு அவர் தம்பி ஊமைத்துரை தோற்றபின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது; அவ்வாண்டு டிசம்பரில் ஆயுதங்களுக்குத் தடை வந்தது. தேசகாவலும் பறிபோனது. ஊர்க்காவல் மட்டும், 1859ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் வந்த பிறகும், ஒழியவில்லை. ஸ்டேஷன் தொலைவில், களமோ ஊர் விளிம்பில்.

கடைசியில் அரசு ஹாப்ஸையும் கைவிட்டது. சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றார்கள். காவல் தொழிலில் இருந்த மறவர், கள்ளர் சமூகங்களில் பல பிரிவுகள் அதில் சிக்கின. ஹாப்ஸ் எல்லோரையும் சமமாகச் சந்தேகித்தவர்; இச்சட்டமோ பிறப்பைப் பார்த்துச் சந்தேகித்தது. சென்னை மாகாணம் இதை நீக்கியது 1947இல்.